தம்பி அபுதாபி போகிறான்: கடிதம்

அன்புள்ள ஐயா,

பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அடுத்த வாரம் என் தம்பி கட்டட வேலைக்கு அபுதாபி போகிறான். இரண்டு வருட ஒப்பந்தம். தினமும் வாட்ஸ்அப் வீடியோ காலில் வரவேண்டும் என்று அம்மா இப்போதே சத்தியம் வாங்கிவிட்டார். எனக்கு வேறு பயம். பக்கத்து வீட்டு அண்ணன் வெளிநாடு போன புதிதில் மணிக்கணக்கில் பேசுவார். இப்போது "சாப்பிட்டியா, பணம் வந்துச்சா" என்பதோடு சரி. நாங்களும் அப்படி ஆகிவிடுவோமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் காலுக்குத் தடை. போய் இறங்கிய அன்று கால் வரவில்லையே என்று தவித்துப்போவார். அங்கே அனுமதியுள்ள போட்டிம் மாதிரியான செயலியை இரண்டு போனிலும் இப்போதே ஏற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் தடையில்லாமல் போகும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். அப்புறம், அந்தச் சத்தியம் வேண்டாம். நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே எட்டு. வேலை முடிந்து வந்து குளித்து, சமைத்துச் சாப்பிடும் நேரம். சில நாள் பேசத் தெம்பு இருக்காது.

என் அண்ணன் 1986-இல் சவூதிக்குப் போனார், தம்மாமுக்கு. விடுமுறைக்கு வந்த யாராவது திரும்பிப் போகும்போது கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவோம். டேப் ரெக்கார்டரைத் திண்ணையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தால் போதும், எல்லோருக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். "நாங்கள் அனைவரும் நலம்" என்று கடிதம் படிப்பதுபோல ஒப்பிப்போம். ஒருமுறை, காயப்போட்ட நெல்லைக் கோழி கொத்துகிறதென்று அம்மா நடுவில் எழுந்து ஓடி ஏசித் தீர்த்தார். அதுவும் பதிவாகிவிட்டது. அண்ணன் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாராம். கூடத் தங்கியிருந்த நாலு பேரும் வந்து உட்கார்ந்து கேட்டார்களாம்.

அதனால் பேச என்ன இருக்கிறது என்று யோசிக்காதீர்கள். கன்று பால் குடிக்க மறுப்பதைச் சொல்லுங்கள். மாமா வந்து சண்டை போட்டுவிட்டுப் போனதைச் சொல்லுங்கள்.

கெட்டதையும் சொல்லுங்கள். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அண்ணன் போன அடுத்த வருடம் எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தனியாக இருக்கிற பிள்ளை, கேட்டால் தாங்குவானா என்று மறைத்தோம். அப்பா வயலுக்குப் போயிருக்கிறார் என்று கேசட்டில் சொன்னது நான்தான். ஐந்து மாதம் கழித்து ஊர்க்காரர் ஒருவர் மூலம்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அண்ணனின் ஒவ்வொரு கடிதமும் "உண்மையைச் சொல், அப்பா எப்படி இருக்கிறார்?" என்றுதான் தொடங்கும். அப்பா எழுந்து நடந்த செய்தியைக்கூட அவர் நம்பவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

உங்கள் தம்பியும் மறைக்கப் பார்ப்பான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30-இலிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாதென்று அங்கே விதியே இருக்கிறது. அப்பேர்ப்பட்ட வெயிலில் நின்றுவிட்டு வந்து "நல்லா இருக்கேன்க்கா" என்பான். வீட்டுக் கஷ்டத்தை நீங்கள் அவனிடம் சொன்னால்தான் அவனுக்கும் தன் கஷ்டத்தைச் சொல்ல வாய் வரும்.

அவன் கிளம்புவதற்குள் அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பக் கற்றுக்கொடுங்கள். அதற்காக அவரைத் தனியாக உட்காரவைக்க வேண்டாம். அடுப்படியில் வேலையோடு வேலையாகப் பேசட்டும்.