ஆல்பத்தில் ஆறு நிமிடம், மேடையில் இருபது நிமிடம்

கேள்வி: ஒரு ஜாஸ் ஃப்யூஷன் (ஜாஸோடு ராக் போன்ற பிற இசைகள் கலந்த பாணி) குழுவின் புதிய ஆல்பத்தைப் பலமுறை கேட்டுவிட்டு, கிளப்பில் நடந்த அதன் வெளியீட்டுக் கச்சேரிக்குச் சென்றேன். ஆறு நிமிட உருப்படி ஒன்று அங்கே இருபது நிமிடம் நீண்டது. நான் காத்திருந்த கிட்டார் பகுதி வரவே இல்லை. வெளியிடுகிற ஆல்பத்தை அப்படியே வாசிப்பதுதானே முறை?

பதில்: காத்திருந்த பகுதி வராமல் போனால் மனம் வாடத்தான் செய்யும். ஆனாலும் இதில் நான் குழுவின் பக்கம் நிற்கிறேன். நீங்கள் எதிர்பார்த்த அந்தக் கிட்டார் பகுதி பெரும்பாலும் எழுதி வைக்கப்பட்டதாக இராது. ஒலிப்பதிவு நாளன்று மனோதர்மமாகப் பிறந்ததாக இருக்கும். எழுதப்பட்டவை தொடக்க மெட்டும், தாளக்கட்டும், ஸ்வரக்கூட்டுகளின் வரிசையும் மட்டுமே. நடுவில் உள்ள வெளி அன்றன்றைக்கு நிரப்பப்பட வேண்டியது.

ஆல்பம் என்பது ஒலிக்கூடத்தில் செதுக்கப்படும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1969-இல் வெளியிட்ட 'இன் எ சைலன்ட் வே' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில், தயாரிப்பாளர் டியோ மசெரோ ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, தொடக்கத்தில் வரும் அதே பதிவையே இறுதியிலும் வைத்தார். ஒருமுறை வாசித்ததை அச்சு மாறாமல் மீண்டும் நிகழ்த்த எந்த மேடையாலும் இயலாது. இதற்கு நேர் எதிரான வழியில் சென்றது ஜாஸையும் இந்திய இசையையும் இணைத்த சக்தி குழு: ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோர் இடம்பெற்ற அதன் முதல் ஆல்பமே 1975 ஜூலை 5 அன்று ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவுதான்.

அடுத்த முறை கிட்டாரை மட்டும் பார்க்காமல், பேஸ் கிட்டார் வாசிப்பவரின் கண்களையும் கவனியுங்கள். அவை டிரம்ஸ் கலைஞரின் வலக்கை மீதே இருக்கும். சிம்பல் எனும் உலோகத் தட்டின் விளிம்பில் இருந்த குச்சி அதன் நடுக்குமிழுக்கு நகர்ந்த கணமே பேஸ் கலைஞரும் தம் நடையை மாற்றுவார். பிறகு கீபோர்டுகாரர் தலையை அசைக்க, ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்த குழுவினர் அனைவரும் ஒரே அடியில் தொடக்க மெட்டுக்குத் திரும்புவார்கள். அந்தத் திரும்புதலின் சுகத்தை ஆல்பம் முழுமையாகத் தந்துவிட முடியாது என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: சிறிய கிளப்பில் எங்கே அமர்ந்தால் ஒலி நன்றாகக் கேட்கும்?

பதில்: ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்கு அருகில் அமருங்கள், அங்கிருந்துதான் ஒலிப்பொறியாளர் அனைத்தையும் சமன்செய்கிறார். மூலைகளில் பேஸ் ஒலி தேங்கிக் குழம்பும். மேடையை ஒட்டி அமர்ந்தால் விரல்களைப் பார்க்கலாம். ஆனால் டிரம்ஸ் ஒலி நேரடியாக வந்து பிற கருவிகளை மூடிவிடும். காதடைப்பான் எடுத்துச் செல்வதில் வெட்கம் எதற்கு? 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்புக்கென வகுக்கப்பட்ட ஒரு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைவதால், 100 டெசிபலில் 15 நிமிடமே மிஞ்சுகிறது.

கேள்வி: உருப்படி முடிவதற்கு முன்பே, ஒருவரின் சோலோ (தனி வாசிப்பு) முடிந்ததும் கைதட்டலாமா?

பதில்: தாராளமாகத் தட்டலாம், ஜாஸ் கிளப்புகளில் அது நெடுநாள் வழக்கம். ஆனால் அடுத்தவர் பெரும்பாலும் மெல்லிய ஓரிரு ஸ்வரங்களில்தான் தொடங்குவார். அவை காதில் விழும்படி கைதட்டலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பேஸ் சோலோவின்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசாதீர்கள்.