கையில் கிருமி என்று ரிப்போர்ட், வேலை போய்விடுமா?

வேலை போகாதும்மா, ரத்தத்தில் விஷமும் ஏறவில்லை. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டு வேலைக்கான வருடாந்திரப் பரிசோதனையில் உங்கள் கையில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வந்திருக்கிறது, அவ்வளவுதான். நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடும் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் மூக்கில் அது சும்மா குடியிருக்கும், மூக்கைத் தொட்ட கையிலும் ஒட்டிக்கொள்ளும். நெட்டில் நீங்கள் படித்துப் பயந்தது, அந்தக் கிருமி ரத்தத்துக்குள் புகுந்துவிட்டவர்களின் கதை. நீங்கள் கேட்டிருக்கிற முடி கொட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளங்கை அரிப்பு அநேகமாகப் பாத்திரச் சோப்பால் வருவது; வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

எனக்குக் கவலை தந்தது, கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. வலது ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி வந்து சீழ் கோத்திருக்கிறது, ராத்திரி எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொள்கிறேன், பகலில் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன் என்று.

அந்தச் சீழில் பெரும்பாலும் இதே கிருமிதான் கோடிக்கணக்கில் இருக்கும். அடுப்பில் கொதிக்கிற சொதியில் அது பிழைக்காது, வெந்த பிறகு கைபடுகிற சாப்பாட்டில்தான் ஆபத்து: இட்லியை எடுத்துத் தட்டில் வைக்கும்போது, துவையலை அள்ளும்போது, தயிர்சாதம் பிசையும்போது அந்த ஈரத்துணி உரசிக்கொண்டே இருக்கும். காலையில் பிசைந்த சாதம் நம்மூர் வெயிலில் மதியம்வரை இருந்தால் கிருமி பெருகி நஞ்சைக் கக்கிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு சுட வைத்தாலும் கிருமிதான் சாகும், நஞ்சு போகாது. மணமும் ருசியும்கூட மாறாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. உங்களுக்கும் எனக்கும் அது ஒருநாள் அவதி, ஆபரேஷன் முடிந்து வயிற்றில் தையலோடு படுத்திருப்பவருக்கு அப்படியில்லை.

நீங்கள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் மசியாது. மசிந்தாலும், கட்டிய சீழைக் கீறித்தான் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு மாத்திரைக்கு ஏன் கடைக்காரரிடம் போகிறீர்கள்?

நாளைக் காலையே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி சர்ஜரி ஓ.பி.க்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் காட்டுங்கள், சமையல்கட்டில் வேலை என்று சொல்லுங்கள், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மேற்பார்வையாளரிடம் விரலைக் காட்டத் தயங்காதீர்கள். கையில் புண் உள்ள ஆளைச் சாப்பாட்டைத் தொட விடக்கூடாது என்று 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலேயே இருக்கிறது. ஆறும்வரை கணக்கு நோட்டு, மளிகைச் சரிபார்ப்பு மாதிரி வேலை கேளுங்கள். கையுறை போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், சீழ் இருக்கும்வரை வேண்டாம், அது கிழிந்தால் உங்களுக்கே தெரியாது.

இதற்கிடையில் வீக்கம் உள்ளங்கைக்கு இறங்கினாலோ, கையில் சிவப்புக் கோடு ஏறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.