ஹோட்டலில் புதுப்பிப்பு வேலை நடப்பதைச் சொல்லாமல் முழு வாடகை வாங்கினால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். பெரிய ஹோட்டல் என்று நம்பி அறை எடுத்திருக்கிறீர்கள், போனால் மேல் மாடியில் உடைப்பு வேலை, கேட்டதற்கு அடுத்த தடவைக்கு வவுச்சர் தருகிறோம் என்கிறார்கள். கூட வந்தவர்கள் "விடு, எதுக்கு வம்பு" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு அவர்களைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்து, ஜூஹூ பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் கடல் பார்த்த அறை எடுத்துக் கொடுத்தோம். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வெளியூர் போனால் சொந்தக்காரர் வீடு, இல்லாவிட்டால் சத்திரம், அதுதான் அவருக்குப் பழக்கம். ஒரு தடவையாவது வசதியாக இருக்கட்டும் என்று நானும் தம்பியும் சேர்ந்து பணம் போட்டோம். புக் செய்த பிறகு போன் செய்து, "வயசானவங்க, அப்பாவுக்குக் காது மெஷின் இருக்கு, சத்தமில்லாத அறையா கொடுங்க" என்றும் கேட்டுக்கொண்டேன். குறித்துக்கொண்டோம் என்றார்கள். வேலை நடப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அறைக்குள் போய்த் திரையை விலக்கினால் கடலைக் காணோம். கண்ணாடிக்கு வெளியே இரும்புச் சாரம், அதன் மேல் பச்சை வலை. ஜன்னல் சட்டத்தில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. அம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை நனைத்துத் தானே துடைக்க ஆரம்பித்துவிட்டார். நீச்சல் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, டைல்ஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை டிபன் முடிவதற்குள் டிரில் ஆரம்பித்தது. காது மெஷின், பேசுகிற பேச்சோடு அந்தச் சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கித் தரும். அப்பா அதைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டார். பேரப்பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பேசினார்கள், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ சும்மா இரு" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டியூட்டி மேனேஜர் "சாதாரணப் பராமரிப்பு வேலைதான் மேடம்" என்றார். வேறு அறை கேட்டேன், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறைதான் இருந்தது. அப்புறம் கேக், பழக்கூடை, மசாஜ் கூப்பன் என்று ஒவ்வொன்றாக வந்தது. எதையும் வாங்கவில்லை. வாங்கிக்கொண்டால் விஷயம் தீர்ந்துவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள்.

இதைப் படித்துவிட்டு "ஸ்டார் ஹோட்டலில் தங்கிவிட்டு என்ன புலம்பல்" என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். நாங்கள் ஒரு வருஷம் சேர்த்து வைத்துக் கொடுத்த பணம் அது. கட்டடம் என்றால் பழுது பார்க்கத்தான் வேண்டும், அதை நான் குறை சொல்லவே இல்லை. அந்த வெயிலில் சாரத்தில் நின்ற பையன்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. டெல்லி ஓபராய் ஹோட்டலைப் புதுப்பிக்க 2016-ல் மொத்தமாக மூடிவிட்டு, வேலை முடிந்து 2018-ல்தான் திறந்தார்கள். எல்லோராலும் அப்படி மூட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புக் செய்கிற பக்கத்தில் ஒரு வரி போடலாமே. அதைப் பார்த்திருந்தால் தேதியை மாற்றியிருப்போம், இல்லை வேறு இடம் பார்த்திருப்போம்.

சட்டமும் நம் பக்கம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் சேவைக் குறைபாடு என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே, தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேரும் என்று இருக்கிறது. நான் மெயிலில் அந்தப் பிரிவைத்தான் சொன்னேன். 2(11). கூடவே சாரத்தின் படம், டிரில் சத்தத்தோடு எடுத்த வீடியோ, அவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்த கடல் படம், நான் போன் செய்த தேதி எல்லாம் வைத்தேன். முதலில் வருத்தம் தெரிவித்து ஒரு பதில், அதில் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று எழுதிய பிறகுதான் பாதி வாடகையைக் கார்டுக்குத் திருப்பினார்கள். ஒன்று கவனியுங்கள்: ஒரு நாள் வாடகை ₹7,500-ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். திருப்பித் தருகிற தொகைக்கான வரியையும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு முதலில் அதை விட்டுவிட்டுத்தான் கணக்குக் காட்டினார்கள்.

மும்பையில் இந்தச் சொல்லாமல் செய்கிற பழக்கம் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் பழைய கட்டடங்களை ரீடெவலப்மென்ட் என்று வரிசையாக இடிக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்களுக்குப் புது வீடு வரும், நல்லது. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற எங்களுக்கு? இன்றைக்கு எப்போது உடைப்பீர்கள் என்று கேட்டால்கூட யாரும் பதில் சொல்வதில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் போடும் கட்டுமான எந்திரங்களை ஓட்டக் கூடாது என்று ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இருந்தும் நடு இரவில் கான்கிரீட் லாரி வருகிறது. எதிர்வீட்டு மாமி தூங்கிப் பல மாதமாகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் அறையைக் காலி செய்யவில்லை என்றால் பில் கட்டுவதற்கு முன்பே புகாரை மெயிலில் அனுப்பிவிடுங்கள், ரிசப்ஷனில் வாயால் சொன்னது நிற்காது. வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றாலும் இரண்டு வருஷத்துக்குள் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதுவும் ஹோட்டல் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். வவுச்சர் மட்டும் வேண்டாம். அந்த ஹோட்டலுக்கு மறுபடி போகிற எண்ணம் உங்களுக்கு இருக்காது.