ஏப்ரலில் பார்த்த வீட்டை நவம்பரிலும் பாருங்கள்

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். எனக்கும் கணவருக்கும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. மூத்தவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு எட்டு மாதம். கொடைக்கானலில் வில்பட்டி பக்கம் பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது. ஏப்ரலில் போய்ப் பார்த்தோம். வாசலில் பேரி மரங்கள், உள்ளே கணப்பு, மரப்பலகைத் தரை. ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கிய வீடு. 45 லட்சம் சொல்கிறார்கள். மதுரை வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே குடியேற ஆசைப்படுகிறோம். இந்த வாரத்துக்குள் இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்தால்தான் வீடு கைக்கு வரும் என்கிறார் தரகர். கொடுக்கலாமா? பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்ட முடியுமா?
— வாசகி, மதுரை

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. வாரக் கடைசிக்குள் பணம் வேண்டும் என்று நெருக்குகிறவரிடம், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். வெறும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த பணத்தை, பேரம் முறிந்த பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு. பணம் தரகர் கைக்குப் போகவே கூடாது. பத்திரத்தில் பெயருள்ள உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். "கோடை விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கிய வீடு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. கொடைக்கானலே அப்படிப் பிறந்த ஊர். 1845இல் உங்கள் மதுரையில் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரிகள், வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறி இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதற்குப் பின் எழுந்த பழைய வீடுகள் பலவும் ஏப்ரல், மே மாதங்களில் ஆள் இருக்கவும், மீதி மாதங்களில் பூட்டிக் கிடக்கவும் கட்டப்பட்டவை. இரண்டு மாதத்துக்குக் குறையாகவே தெரியாத ஒன்று, ஆண்டு முழுவதும் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்குப் பெரிய தொல்லையாகிவிடும். கொடைக்கானலில் மழை வலுப்பது அக்டோபர், நவம்பரில். அது ஓய்ந்ததும் உறைபனிக் காலம். இவை இரண்டையும் அந்த வீடு எப்படித் தாங்குகிறது என்று பார்க்காமல் 45 லட்சத்தை எடுத்து வைப்பது சரியல்ல.

ஆகவே அந்த உரிமையாளரிடமே, அக்டோபர் முதல் ஜனவரி முடிய வீட்டை வாடகைக்குக் கேளுங்கள். மறுத்தால் அதே பக்கத்தில் வேறொரு பழைய வீட்டைப் பிடியுங்கள். அந்த நான்கு மாத வாடகையை வீண்செலவாக நினைக்க வேண்டாம். ஒப்பந்தம் எழுதி, அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு.

குடியிருக்கும்போது எதைக் கவனிப்பது? முதலில் சுவர். மலைச்சரிவை ஒட்டி நிற்கும் பின்சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். சில்லென்று ஈரம் ஒட்டினாலோ, சுண்ணாம்பு உப்புப் பூத்து மாவாக உதிர்ந்தாலோ, மண்ணிலிருந்து நீர் ஏறுகிறது என்று பொருள். மற்ற மூன்று சுவர்களும் பழசாக இருக்க, அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பரணில் ஏறி ஓட்டின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டைத் தாங்கும் மரச்சட்டங்களில் கறுப்புத் திட்டு இருந்தால் அங்கே பல மழைக்காலமாக ஒழுகுகிறது. பேனாக்கத்தியின் முனை அந்த மரத்தில் சுலபமாக இறங்கினால், அந்தச் சட்டத்தை மாற்றத்தான் வேண்டும். பலகைத் தரைக்கு அடியில் காற்றுப் போகத் துளைகள் விட்டிருப்பார்கள். எலிக்குப் பயந்து அவற்றைச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்ட வீடுகளில் தரை அடியிலிருந்து மக்கும்.

கொட்டும் மழையில் குடையோடு ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். மேலேயிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, அண்டை வீட்டுக் கழிவுநீர் உங்கள் பக்கம் திரும்புகிறதா, தடுப்புச் சுவரில் நீர் வடியக் குழாய் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நீர் வெளியேற வழியில்லாத தடுப்புச் சுவர், பின்னால் உள்ள மண் ஊறிக் கனத்ததும் சரிந்துவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையில் வீடு வாங்கும் யாரும் அதை மறக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றித் தனியாக விசாரியுங்கள். "ஊற்று இருக்கிறது" என்றால், அது யார் நிலத்தில் இருக்கிறது, மே மாதக் கடைசியிலும் ஓடுமா என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவா என்பதை அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

குழந்தைகளை வைத்து ஒன்று சொல்ல வேண்டும், இதைத் தயவுசெய்து அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஆண்டு புழங்காத கணப்பின் புகைபோக்கிக்குள் பறவைக் கூடும் கரியும் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் மூட்டாதீர்கள். குளிருக்காகக் கரி அடுப்பையோ தணலையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருநாளும் தூங்கக் கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சுத் திணறல் தெரிவதற்கு முன்பே நினைவு போய்விடும். மலை விடுதி அறைகளில் இப்படி உயிர் போன செய்திகள் வந்திருக்கின்றன. அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கைக் கருவி கடைகளில் கிடைக்கிறது. கணப்புள்ள வீட்டுக்கு அதை முதல் நாளே வாங்குங்கள்.

மருத்துவத்துக்குக் கொடைக்கானலில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் குழந்தைக்குப் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டும். மதுரைக்கு 115 கிலோமீட்டருக்கு மேல். மழையில் மரம் விழுந்தால் மலைச்சாலை மணிக்கணக்கில் அடைபடும். காரைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சமையல் சின்ன விஷயம்தான்: 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது.

பத்திரங்களுக்கு வருவோம். மூலப்பத்திரம், பட்டா, குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, புலப்படம் ஆகியவற்றை நீங்களே அமர்த்தும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். தரகர் கூட்டிவரும் வழக்கறிஞர் வேண்டாம். மலைக் கிராமங்களில் நிபந்தனைப் பட்டா பரவலாக உண்டு. அரசு ஒப்படைத்த அந்த நிலத்தை நினைத்தபடி விற்க முடியாது. பஞ்சமி நிலத்தில் சிக்கினால் பணமும் போகும், ஒடுக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்கு உரிய நிலத்தைப் பறித்த பழியும் வரும். சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவர் தோட்டத்து வழியாக "இத்தனை நாளும் இப்படித்தான் போகிறோம்" என்பது உரிமை ஆகாது. பவர் பத்திரத்தை வைத்து விற்கிறார்கள் என்றால், பவர் கொடுத்தவரோடு நேரில் பேசாமல் நகராதீர்கள்.

பின்பக்க அறை பற்றி: தரகர் "கட்டிக்கொள்ளலாம்" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். மலைப்பகுதிக்குக் கட்டட விதிகள் தனி. இடம் எந்தக் கிராமம், எந்த மண்டலம், வனத்துக்கு எவ்வளவு அருகில் என்பதைப் பொறுத்துப் பல துறைகளின் தடையின்மைச் சான்று தேவைப்படும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, அதையும் பார்ப்பார்கள். அனுமதியில்லாமல் எழுந்த கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவின் பேரில் சீல் வைக்கப்பட்ட ஊர் அது. இப்போதுள்ள வீட்டுக்கே அனுமதி வரைபடமும் சொத்துவரி ரசீதும் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். வாசலில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்குக்கூட 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டியிருக்கலாம். அறை கட்ட அனுமதி கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, இருக்கும் இடம் போதுமா என்று யோசித்து விலை பேசுங்கள்.

செலவுக் கணக்கில் பதிவை விட்டுவிடாதீர்கள். முத்திரைத் தீர்வை, மாற்று வரி, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், 45 லட்சத்துக்கு 4 லட்சத்து 5 ஆயிரம். கூரை, மின்கம்பி, செப்டிக் டேங்க் மூன்றையும் உள்ளூர் கொத்தனார், தச்சர், மின்பணியாளரிடம் காட்டி மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். செங்கலும் மணலும் மலையேறி வருவதால் அங்கே கூடுதல் விலை.

ஒரு தனியாரிடம் பழைய வீட்டை வாங்கிவிட்டு, பின்னால் குறை தெரிந்தால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி, அதற்கு ஆண்டுகள் ஆகும். தரகு வாங்கிக்கொண்டு பொய் சொன்ன தரகர் மீது மட்டும் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம், தரகுக்கு ரசீது இருந்தால். அந்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குச் சூரிய வெந்நீர்க் கருவி வாங்கினோம். "ஆண்டு முழுவதும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்" என்று அச்சிட்ட தாளைக் காட்டி விற்றார்கள். மூடுபனி நாட்களில் வெதுவெதுப்புக்கூட இல்லை. கோயம்புத்தூர்க் கடைக்காரர், மலைக்கு அப்படித்தான் என்கிறார். என்ன செய்வது?
— வாசகர், கோத்தகிரி

பதில்: வெயில் இல்லாத நாளில் அந்தக் கருவி சூடாக்காது என்பது உண்மை. அதனால்தான் மலையில் மின்சுருள் பொருத்திய தொட்டியாக வாங்க வேண்டும். ஆனால் கோத்தகிரியில் பொருத்தப்போகிறோம் என்று தெரிந்தே, அச்சிட்ட தாளில் வேறு மாதிரி உறுதி கொடுத்தது முறையற்ற வணிகம். அந்தத் தாளையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். மின்சுருள் பொருத்தித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லுங்கள். அதிலும் தீரவில்லை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம், உதகமண்டலத்தில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.