அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் ஒரு கேமரா

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்க அப்பா 40 ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அழகர் ஆற்றில் இறங்குவது, எங்கள் ஊர்க் கண்மாய்ப் பறவைகள், அத்தை மகன் கல்யாணம், இந்த மூன்றையும் எடுக்க ஆசை. கடையில் பை, டிரைபாட், ஃபில்டர் எல்லாம் சேர்த்து காம்போ என்று தருகிறார்கள். கேனானா, நிக்கானா? எதை வாங்கட்டும்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கேனானா நிக்கானா என்பதை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த 40 ஆயிரத்தை எப்படிப் பிரிப்பது என்று முடிவு பண்ணுங்கள். முதல் கேமரா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பணம் முழுவதையும் புது பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) போட்டுவிட்டு, அதோடு வருகிற 18-55 கிட் லென்ஸோடு நின்றுவிடுகிறார்கள், மண்டபத்தில் படம் இருட்டாக வரும்போது கேமரா சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாடி சீக்கிரம் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் பத்து வருஷம் கழித்தும் உழைக்கும். அதனால் செகண்ட் ஹேண்டில் கேனான் 1500டி அல்லது நிக்கான் டி3500, கிட் லென்ஸோடு சேர்த்து உங்கள் பணத்தில் பாதியை ஒட்டி வருகிற மாதிரி தேடுங்கள். இரண்டும் 2018-இல் வந்தவை, இரண்டிலும் 24 மெகாபிக்சல், படத்தைப் பார்த்து எது எந்த கேமரா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டி3500-இல் பேட்டரி நிறைய நேரம் நிற்கும், கேனானுக்குப் பழைய லென்ஸ் சுலபமாகக் கிடைக்கும். கையில் பிடித்துப் பாருங்கள், எது உட்காருகிறதோ அதை எடுங்கள்.

மீதிப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸின் துளை பெரிசு என்று அர்த்தம். கிட் லென்ஸை 55 வரை ஜூம் பண்ணினால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். திருமலை நாயக்கர் மகாலில் தூண் நிழலில் நிற்கிற ஒருவரைக் கிட் லென்ஸில் எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/15 நொடிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் லேசாகத் தலையைத் திருப்பினாலே முகம் கலங்கிவிடும். அதே இடத்தில் அதே ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்கிற அளவு) இந்த லென்ஸை மாட்டினால் 1/125 தாராளமாகக் கிடைக்கும். தாலி கட்டுகிற அந்த ரெண்டு நொடிக்கு உங்களுக்கு வேண்டியது இதுதான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், இந்த கேமராக்களின் சின்ன சென்சாரில் (படம் பதிகிற சில்லு) 50 எம்எம் கொஞ்சம் நெருக்கமாகத்தான் காட்டும், மேடையில் சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்கிற குரூப் போட்டோவுக்குக் கிட் லென்ஸையே மாட்டிக்கொள்ளுங்கள்.

நிக்கான் எடுத்தால் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, விலை குறைவாக இருக்கிறதே என்று பழைய 50 எம்எம் 1.8டி வாங்கினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிற 1.8ஜி தான் வேண்டும்.

பறவைக்கு கேனானில் பழைய 55-250 ஜூம் லென்ஸ் ஒன்று போதும், அதற்கும் பணம் பத்தவில்லையென்றால் ஆறு மாசம் பொறுங்கள். கண்மாய்க்கரைக் கருவேல மரத்தில் மீன்கொத்தி காலையில் ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்து, ஷட்டரை 1/1000-க்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தால் 250 எம்எம்மிலேயே நல்ல படம் கிடைக்கும்.

இப்போது அழகருக்கு வருவோம். அவர் இறங்குகிற நேரத்தில் வைகையில் தோல் பையோடு நேர்த்திக்கடன்காரர்கள் நாலாபக்கமும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் வாங்கப்போகிற எந்த கேமராவும் அந்தத் தண்ணீரைத் தாங்காது. ஒரு கனமான பிளாஸ்டிக் கவரில் லென்ஸ் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸ் நுனியில் ரப்பர் பேண்டால் இறுக்கி, பின்பக்கம் கையை உள்ளே விட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். காம்போவில் இருக்கிற எல்லாவற்றையும்விட அன்றைக்கு உங்களைக் காப்பாற்றுவது அதுதான். மணலில் நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள், வீட்டிலேயே ஒன்றை மாட்டிக்கொண்டு போங்கள். அப்புறம் ரா ஃபார்மேட்டில், அதாவது கேமரா தானாக மெருகேற்றாத மூலப் பதிவாக, எடுங்கள். இந்த வருஷம் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், விடியாத நேரத்து ஃபோகஸ் லைட்டில் ஜேபெக்கில் எடுத்தால் பச்சைப் பட்டு மஞ்சளடித்துப் போய்விடும், ரா ஃபைலில் அந்த நிறத்தைப் பிறகு உட்கார்ந்து சரிக்குக் கொண்டுவரலாம்.

காம்போ வேண்டாம். நானும் அப்படி ஒரு காம்போ டிரைபாடை எடுத்துக்கொண்டு தெப்பத் திருவிழாவுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனேன். மைய மண்டபம் முழுக்க விளக்கு, நாலு நொடி ஷட்டர் வைத்து அழுத்துகிறேன், கேமரா கனத்துக்கு டிரைபாட் தலை மெதுவாகக் குனிகிறது, எவ்வளவு திருகினாலும் நிற்கவில்லை, ஒவ்வொரு படத்திலும் விளக்குகள் கோடு கோடாக இழுத்திருந்தன. கடைசியில் கல் சுவர் மேல் துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் கேமராவை வைத்து, ரெண்டு நொடி டைமரில் எடுத்தேன். அந்தப் படம்தான் தேறியது. மலிவான ஃபில்டரும் அப்படித்தான், இரவு விளக்குகளை எடுக்கும்போது இல்லாத இடத்தில் ஒளிப்புள்ளி வரும், அதற்குப் பதில் லென்ஸ் ஹுட் வாங்குங்கள். இன்னொரு பேட்டரி, 32 ஜிபி மெமரி கார்டு இரண்டு, காற்றடிக்கிற புளோயர், மைக்ரோஃபைபர் துணி, இவ்வளவு போதும். பைக்கு உங்கள் காலேஜ் பையிலேயே ஒரு துண்டைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் காலமே முடிந்துவிட்டது, மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கு என்கிறார்கள். உண்மையா?
- ஒத்தக்கடை வாசகர்

பதில்: 2020-க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை, அது உண்மைதான். கையில் பணம் இருந்தால் மிரர்லெஸ்ஸே வாங்குங்கள். பணம் குறைவு என்றால் பழைய டிஎஸ்எல்ஆரில் தைரியமாகத் தொடங்கலாம், ஏனென்றால் கேனான் இஎஃப் லென்ஸ்களும் நிக்கான் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களும் அந்தந்தக் கம்பெனி அடாப்டர் போட்டால் அவர்களுடைய மிரர்லெஸ் கேமராவில் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். லென்ஸில் போட்ட பணம் வீணாகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: பழைய கேமராவை எப்படிச் சோதித்து வாங்குவது?
- கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: தம்பி, பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் செல்போன் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பிறகு எஃப் 16 வைத்து வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் சென்சார் தூசு, அதைச் சுத்தம் பண்ணிவிடலாம், கோடோ கீறலோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நிக்கானில் எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற ஷட்டர் கணக்கு ஜேபெக் ஃபைலிலேயே இருக்கும். கேனானில் பெரும்பாலும் அப்படி இருக்காது, விற்கிறவர் கல்யாண ஆர்டர் எடுப்பவரா வீட்டுக்கு வைத்திருந்தவரா என்று பேச்சுக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: கேமராவை பீரோவில் வைக்கலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: வைக்காதீர்கள். புடவைக்கு நடுவே போட்டிருக்கிற பாச்சை உருண்டையின் ஆவி லென்ஸுக்கும் கேமராவுக்கும் ஆகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், நிறம் மாறுகிற ஜெல்லாக இருந்தால் எப்போது ஈரம் ஏறியது என்று பார்த்தவுடனே தெரியும். ஐப்பசி கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.