ஒரேஞ்சுக் கேபிளும் ஒழுங்கை இன்ரர்நெற்றும்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள். எங்கள் வீட்டில் மட்டும் பைபர் இணைப்பு உண்டு. கொழும்பில் பழைய அலுவலகமொன்றைக் கழற்றியபோது கிடைத்ததென்று மருமகன் ஒரேஞ்சு நிற மல்ரிமோட் கேபிள் ஒரு சுருள் கொண்டுவந்து தந்தார். அதை இழுத்து மற்ற வீடுகளுக்கும் மலிவாக இன்ரர்நெற் கொடுக்கலாமா?
- வாசகர், கோண்டாவில்

பதில்: இழுத்தால் வேலை செய்யும் அண்ணை. மலிவாக முடியாது.

முதலில் கேபிள் உறையில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். 62.5/125 என்றிருந்தால் ஒரு கிகாபிட் வேகம் 275 மீற்றருக்குள்தான். 50/125 என்றால் 550 மீற்றர் வரை போகும். முதல் எண், ஒளி ஓடுகிற நடுக்கண்ணாடியின் விட்டம், மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) கணக்கில். வீதியில் கம்பனிகள் இழுக்கிற சிங்கிள் மோட் பைபரில் அது ஏறத்தாழ 9 மைக்ரோன். மல்ரிமோட்டில் போல நடு அகலமானால் ஒளி பல பாதைகளில் ஓடி, முந்திப் பிந்தி வந்து சேரும். தூரம் கூடக் கூட ஒரு ஒளித்துடிப்பு அடுத்ததோடு கலந்துவிடும்.

மல்ரிமோட் மலிவு என்று கடையில் சொல்வார்கள். அந்த மலிவு கண்ணாடியில் இல்லை, இரண்டு முனையிலும் வரும் கருவியில். அகலமான நடுவுக்குள் ஒளியைச் செலுத்த அவ்வளவு துல்லியம் தேவையில்லை; 850 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளி தரும் சின்ன லேசரே போதும். கேபிளை மட்டும் பார்த்தால் சிங்கிள் மோட்தான் விலை குறைவு. அதன் கருவிகளும் இப்போது நன்றாக மலிந்துவிட்டன. கம்பனிக்காரர் ஒரே இழையில் 1490 நனோமீற்றரில் அனுப்பி 1310 இல் வாங்குகிறார்கள். வழியில் கரண்ட் தேவைப்படாத ஒரு சின்னப் பிரிப்பானை வைத்து அந்த ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பங்கிடலாம்.

உங்கள் திட்டத்திலோ வீட்டுக்கு இரண்டு இழை, இரண்டு பக்கமும் கன்வேர்ட்டர் (ஒளியை மின் சைகையாகவும் மின் சைகையை ஒளியாகவும் மாற்றும் பெட்டி). ஆறு வீட்டுக்குப் பன்னிரண்டு கன்வேர்ட்டர்! உங்கள் வீட்டில் கரண்ட் போனால் ஒழுங்கை முழுவதும் இன்ரர்நெற் இல்லை. அலுவலகத்துக்குள் ஓடிய கேபிள் எங்கள் வெயிலுக்கும் மாரிக்கும் செய்யப்பட்டதல்ல. குழாய்க்குள் விடாவிட்டால் உறை வெடிக்கும், மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும். அப்புறம், அயலாரிடம் காசு வாங்கி இணைப்புக் கொடுக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடம் கேட்காமல் தொடங்கவேண்டாம்.

அதற்காகச் சுருளை எறிந்துவிடாதீர்கள். உங்கள் வளவுக்குள்ளேயே பின்பக்கம் கடையோ பட்டறையோ இருந்தால் அங்கே இழுங்கள். செம்புக் கேபிள் 100 மீற்றரோடு நின்றுவிடும். அதைவிட, ஐப்பசி கார்த்திகை இடி மின்னலில் செம்பு வழியே வருகிற அதிர்ச்சிதான் றவுட்டரின் போர்ட்டை, அதாவது கேபிள் செருகும் துளையை, எரிக்கிறது. உலோகக் கம்பி இல்லாத பைபரில் அந்தப் பயம் இல்லை. நான் இழை ஒட்டுகிற தொழிலில் இருப்பவன். மாரி முடிய என் மேசைக்கு வருகிற கருவிகளில் பாதி இப்படிப் போர்ட் கருகியவைதான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கம்பனி இழையோடு இந்தக் கேபிளை நேரே ஒட்டுவது. 62.5 இலிருந்து 9 இற்குள் நுழைகிற பக்கம் பெரும்பாலான ஒளி வெளியே போய்விடும்.

கேள்வி: கன்வேர்ட்டரைப் போட்டும் கேபிள் முனையில் வெளிச்சமே இல்லை. பழுதா?
- அதே வாசகர்

பதில்: அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தெரியாவிட்டாலும் கண்ணைக் கெடுக்கக்கூடும், முனைக்குள் பார்க்காதீர்கள். போனின் செல்பி கமராவை முனைக்கு நேரே பிடியுங்கள். 850 நனோமீற்றர் என்றால் திரையில் மங்கலான ஊதாப் புள்ளி தெரியக்கூடும். 1310 என்றால் கமராவிலும் தெரியாது; அதற்கு ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீற்றர்தான் வேண்டும்.