நேயர் விருப்பத்துக்கு மேடை இல்லை

கேள்வி: கல்லூரிக் காலத்திலிருந்து மெக்சிகோவின் கஃபே தக்கூபா குழு என்றால் எனக்கு உயிர். ஸ்பானிய மொழி தெரியாது, ஆனாலும் பாட்டெல்லாம் மனப்பாடம். இப்போது வேலை விஷயமாக ஹூஸ்டனில் இருப்பதால், விமானம் ஏறிப்போய் மெக்சிகோ நகரத்து இசைவிழா ஒன்றில் அவர்களை நேரில் பார்த்தேன். பெரிய ஏமாற்றம். ஒரு மணி நேரம்தான் வாசித்தார்கள். தொண்டை கிழியக் கத்தியும் 'இங்க்ராத்தா'வைப் பாடவில்லை. போதாததற்கு நடுவில் நால்வரும் கருவிகளை விட்டுவிட்டு வரிசையாக நின்று டான்ஸ் ஆடினார்கள்! ரசிகனின் காசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?
(ஒரு வாசகர், ஹூஸ்டன்)

பதில்: வேண்டும்தான். ஆனால் உங்கள் காசு எதற்குப் போனது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

நீங்கள் வாங்கியது விழா டிக்கெட். பல மேடை, மேடைக்குப் பல குழு. ஒருவர் இறங்கியதும் அடுத்தவரின் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபையரும் ஏறியாக வேண்டும். மதியம் ஒரு குழு பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் அது கடைசியில் வாசிக்கிறவரின் தலையில்தான் விடியும். அதனால்தான் முக்கால் மணி, ஒரு மணி என்று அளந்து கொடுக்கிறார்கள். மதிய வெயிலில் அரை மணி நேரத்தில் இறக்கி அனுப்பப்பட்ட சின்னக் குழுக்கள் அன்றைக்கும் இருந்திருக்கும். அவர்களில் ஒருவரையாவது நின்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சரி, 'இங்க்ராத்தா'வுக்கு வருவோம். 1994இல் வந்த 'ரே' ஆல்பத்தின் பாட்டு அது. அந்த ஆல்பத்தில் 20 பாட்டு. ஒன்று பொலேரோ என்ற மெதுவான காதல் பாட்டு, ஒன்று காது கிழியும் மெட்டல் ராக், ஒன்று ஊர்த் திருவிழா பித்தளை வாத்தியம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத 20 முகம். 'இங்க்ராத்தா' வடக்கு மெக்சிகோவின் நோர்த்தேன்யோ பாணி. போல்கா என்ற ஐரோப்பிய நடனத் தாளத்தில் துள்ளிக்கொண்டு போவதால் கல்யாண வீட்டிலும் போடலாம் என்று தோன்றும். வரிகளைப் பாருங்கள்: காதலி விட்டுப் போய்விட்டாள், காதலன் புலம்புகிறான், கடைசியில் அவளைச் சுட்டுவிடப் போவதாகச் சொல்கிறான், அவள் சவ அடக்கத்துக்கும் வருவேன் என்கிறான். பழைய காதல் பாட்டுகளின் மிகையைக் கிண்டல் செய்யும் தொனியில் இளம் வயதில் எழுதியது. ஆனால் மெக்சிகோவில் இன்று நாளொன்றுக்குச் சுமார் 10 பெண்கள் கொல்லப்படுகிறார்கள். அந்த நாட்டில் பல்லாயிரம் பேர் கைதட்டிக்கொண்டு அந்த வரியைச் சேர்ந்து பாடினால் எப்படி இருக்கும்? கிண்டல் காணாமல் போய் வரி மட்டும் நிற்கும்.

2017இல் பாடகர் ரூபன் அல்பர்ரான், இனி இதைப் பாடப்போவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பிறகு வரிகளை மாற்றிப் பாடியதும் உண்டு. தங்களுடைய மிகப் பிரபலமான பாட்டு ஒன்றை, கேட்டவுடன் கூட்டம் எகிறிக் குதிக்கும் பாட்டை, யாரும் தடை போடாமல் தாங்களே எடுத்து ஓரமாக வைத்தார்கள். இதில் எனக்கு முழு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். கிண்டலைக் கிண்டலாகவே பாடிக்காட்டும் திறமை அவர்களுக்கு இருந்தது என்பது என் எண்ணம். ஆனால் முடிவு அவர்களுடையது. முன்வரிசையில் நின்று அதே பாட்டைக் கேட்டுக் கத்துவது, நம் சபாக்களில் வர்ணம் முடியும் முன்பே துக்கடாவுக்குச் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவாரே ஒரு மாமா, அவர் செய்கிற வேலை.

இன்னொன்று. ஆல்பத்துக்கு ஆல்பம் தன் பெயரையே மாற்றிக்கொள்கிறவர் அல்பர்ரான். 'ரே' காலத்தில் அவர் கோஸ்மே. 2003இல் எல்ஃபேகோ புவெந்தியா. தன் பெயரைக்கூட அப்படியே வைத்துக்கொள்ளாத மனிதரிடம் போய் 1994ஐ அப்படியே கொடு என்றால்?

அப்புறம் அந்த டான்ஸ். எனக்குக் கோபமே அங்கேதான் வந்தது. அது 'தெஹாதே காயெர்' பாட்டாகத்தான் இருக்க வேண்டும். சிலி நாட்டு லோஸ் த்ரெஸ் குழுவின் பாட்டு அது. அந்தக் குழு 2000இல் கலைந்தது. 2002இல் அதற்கு மரியாதையாக அதன் நாலு பாட்டுகளைத் தக்கூபாக்காரர்கள் தங்கள் பாணியில் பதிவு செய்தார்கள். மேடையில் இந்தப் பாட்டு வரும்போது, உலகத்தில் வேறு வேலையே இல்லாத நாலு பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி வரிசையில் நின்று ஒரே அடவை ஆடுவார்கள். கை ஒரு பக்கம் போகும், இடுப்பு இன்னொரு பக்கம். கூட்டமும் கூடவே ஆடும். அதை ரெக்கார்டில் கேட்க முடியாது சார். விமானம் ஏறிப் போனதற்கு நியாயமான காரணம் அந்த ஐந்து நிமிடம்தான். அதையா 'போதாததற்கு' என்று எழுதுகிறீர்கள்?

மெக்சிகோவில் பெரிய கூட்டம் கூடி ராக் கேட்பது சாதாரணமாக வந்த உரிமையும் அல்ல. 1971 செப்டம்பரில் தலைநகருக்கு மேற்கே அவாந்தரோவில் ஒரு விழா நடந்தது. முதலில் கார் பந்தயத்தோடு சேர்த்துத் திட்டமிட்டது. கூட்டம் லட்சத்தைத் தாண்டவே பந்தயத்தைக் கைவிட்டார்கள். மேடையில் கெட்ட வார்த்தை கேட்டது என்று வானொலி நேரடி ஒலிபரப்பு பாதியில் நின்றது. பத்திரிகைகள் கஞ்சா, நிர்வாணம் என்று பக்கம் பக்கமாக எழுதின. அதன்பிறகு ராக் கச்சேரிகளுக்கு அரசு கதவைச் சாத்தியது. ஆண்டுக்கணக்கில் ராக் இசை நகரத்து ஓரங்களில், பாழடைந்த கொட்டகைகளில் ஒளிந்து வாழ்ந்தது. 1998இல்தான் மெக்சிகோ நகரத்தில் வீவே லத்தீனோ என்ற பெருவிழா தொடங்கியது. இன்றும் கார் பந்தயத் திடல் வளாகத்தில்தான் நடக்கிறது (பந்தயமும் ராக்கும் அங்கே விட்ட குறை தொட்ட குறை போலும்). உங்கள் பக்கத்தில் நின்று பீர் கோப்பையை மேலே வீசிய நரைத்தலைக்காரர் அந்தக் கொட்டகைக் காலத்து ஆளாக இருக்கலாம். ஒரு பாட்டுக்காக அவர் சண்டை போட்டிருக்க மாட்டார்.

முழு நீளக் கச்சேரிதான் வேண்டுமென்றால் விழாவுக்குப் போகாதீர்கள். குழு தனியாக நடத்தும் நிகழ்ச்சிக்குப் போங்கள். 2004இல் 15 ஆண்டு நிறைவுக்கு மெக்சிகோ நகரத்தின் பலாசியோ தே லோஸ் தெபோர்த்தேஸ் அரங்கில் வாசித்தது 'உன் வியாஹே' என்ற பெயரில் பதிவாக வந்திருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். போகும்போது ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்; கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், பகலில் தோல் உரியும், இரவில் பல் தந்தியடிக்கும். காசைப் பற்றிக் கேட்டீர்கள். டிக்கெட்டில் பாட்டுப் பட்டியல் அச்சடித்திருந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், உங்களுக்காக நானே சண்டை போடுகிறேன்.